ஸ்டியரிங் திரும்பாத வரை உத்தமன்

தான் நிற்பது தேர்வறையில் என்று அந்தக் காருக்குத் தெரியும். சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழல்கின்றன. ஸ்டியரிங் மட்டும் இம்மிகூட அசையவில்லை. எந்த நொடியில் எந்த வேகம் என்று விதிப்புத்தகம் சொல்கிறதோ, அந்த நொடியில் அதே வேகம். காற்றழுத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இது சாலையாக இருக்க முடியாது, பரிசோதனைக் கூடம்தான். உடனே கார் நல்ல பிள்ளையாகிவிடும். டீசலைப் பார்த்துப் பார்த்துப் பீய்ச்சும். வெளியே போக வேண்டிய புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் இழுத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நச்சு விஷயத்தில் அடக்கி வாசிக்கும். கூடத்தின் கதவைத் தாண்டி, முதல் வளைவில் ஸ்டியரிங் திரும்பியதும் வேஷம் கலையும். சட்டம் அனுமதித்ததைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு பின்குழாய் வழியே கொட்டும்.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகனின் இந்தத் திறமையை ஊரறியச் செய்தது. சில நாளில் நிறுவனமே கணக்கு சொன்னது: உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். பிட் அடித்துப் பிடிபடும் பத்தாம் வகுப்புப் பையனுக்கு நம் ஊரில் தாள் பறிபோகும், மானம் போகும், அப்பாவைக் கூட்டி வரச் சொல்வார்கள். 1 கோடியே 10 லட்சம் தாளில் ஒரே பிட்டை ஒட்டி அனுப்பியவர்களுக்கோ அனுதாபப்பட ஆள் கிடைத்தது. சட்டம் அவ்வளவு கடுமை, பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்!

அனுதாபிகளின் வாதம் இதுதான்: டீசல் எஞ்சினில் கரியைக் குறைக்கப் போனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும், அதைக் குறைக்கப் போனால் கரி கூடும், இயற்கை போட்ட முடிச்சை எந்தப் பொறியாளராலும் அவிழ்க்க முடியாது. இதில் முதல் பாதி உண்மை. அதனால்தான் கடைசிப் பாதியில் இருக்கும் பொய் இவ்வளவு சுலபமாக விலைபோகிறது.

அந்த முடிச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கே சிலர் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் லிவர்மோரில், சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தின் எரிதல் ஆராய்ச்சி மையத்தில், ஓடுகிற எஞ்சினுக்கு ஜன்னல் வைத்தார்கள். அதன் வழியே லேசர் ஒளியை மெல்லிய தகடாக உள்ளே செலுத்தினார்கள். டீசல் உள்ளே பாய்ந்து, பற்றி, எரிந்து முடிய ஒரு நொடியை ஆயிரமாகக் கூறுபோட்டதில் சில கூறுகளே ஆகும். அந்த நேரத்துக்குள் எடுத்த படங்களை அடுக்கி, 1997இல் ஜான் டெக் என்ற ஆய்வாளர் டீசல் தீயின் உடற்கூறை வரைந்து காட்டினார். துளித்துளியாகப் பறந்து போகும் டீசல் ஒவ்வொரு துளியையும் சுற்றி எரிகிறது என்ற பழைய எண்ணம் அதோடு அடிபட்டது. திரவம் கொஞ்ச தூரத்திலேயே முழுக்க ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி, போதாத காற்றோடு கலந்து அரைகுறையாக எரியும் உட்பகுதியில் கரி பிறக்கிறது. வெளி ஓரத்தில், காற்றைத் தொடும் மெல்லிய தீப்படலத்தில் சூடு உச்சத்துக்குப் போகிறது. நைட்ரஜன் ஆக்சைடு பிறக்கும் வீடு அதை ஒட்டித்தான். ஒரே தீயில் இரண்டு நஞ்சுக்கும் தனித்தனி முகவரி கிடைத்துவிட்டது.

அதோடு விடவில்லை. உலகின் பல ஆய்வுக்கூடங்கள் கூடி, ஒரே மாதிரி இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு, ஒரே மாதிரிச் சூழ்நிலையில் பீய்ச்சி, முடிவுகளைப் பொதுவில் வைத்து ஒப்பிட்டன. 'ஸ்ப்ரே ஏ' என்று அந்தச் சோதனைக்குப் பெயர். 0.09 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒற்றைத் துளை. உள்ளே 1500 பார் அழுத்தம். வெளியே 900 கெல்வின் சூட்டில் வாயு. சிகாகோ பக்கத்தில் ஆர்கான் ஆய்வுக்கூடத்தார், நாசிலை விட்டு டீசல் கிளம்பும் இடத்தையே எக்ஸ் கதிரால் படமெடுத்தார்கள். டீசல் பீச்சல் சுற்றியுள்ள வாயுவில் ஒலியை மிஞ்சிப் பாய்ந்து அதிர்வலை எழுப்புவதை 2002இல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. நாசில் சர்வீஸ் கடையில் ஊசியைத் துடைத்துக்கொண்டு நிற்கும் பையனுக்கு இந்தப் படங்களைக் காட்ட வேண்டும், கண் கலங்கிவிடுவான்.

இனி கொஞ்சம் நன்றி அறிவிப்பு. டெக் ஜன்னல் வைத்துப் பார்த்தது கம்மின்ஸ் லாரி எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு செய்த ஆய்வு எஞ்சின். 'ஸ்ப்ரே ஏ'யின் இன்ஜெக்டர்களை நன்கொடையாகக் கொடுத்தது பாஷ். தீக்குள் விளக்கைப் பிடிக்கக் கைகொடுத்தவர்கள் இவர்கள். இந்தப் பெயர்களை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்கள்.

ஃபோக்ஸ்வாகன்தான் இந்தக் கலையைக் கண்டுபிடித்தது என்று சொல்வது முன்னோர்களை அவமதிப்பதாகும். 1998 அக்டோபரில் அமெரிக்க அரசு ஏழு லாரி எஞ்சின் நிறுவனங்களை ஒரே நாளில் பிடித்தது: கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நேவிஸ்டார், ரெனோ, வோல்வோ. டெக்கின் கட்டுரை வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தந்திரம் எளிமையானது. டீசலைக் கொஞ்சம் முன்னதாகப் பீய்ச்சினால் எரிபொருள் மிச்சம். ஆனால் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். சோதனையில் தாமதமாகப் பீய்ச்சு, நெடுஞ்சாலையில் லாரி சீராக ஓடத் தொடங்கியதும் முன்னதாகப் பீய்ச்சு என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுமார் 13 லட்சம் எஞ்சின்கள். அபராதம் எல்லோருக்கும் சேர்த்து 8.34 கோடி டாலர். வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. இந்தப் பாடத்தைத் தொழில் உலகம் மிகச் சரியாகப் படித்துக்கொண்டது.

ஜெர்மனியில் இதே கலை இன்னும் நாசூக்காக வளர்ந்தது. டீசல் எஞ்சினின் கடகடச் சத்தம் பணக்காரக் காருக்கு அழகில்லை. முக்கியப் பீச்சலுக்கு முன்னால் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தூவினால் சத்தம் அடங்கும், புகை கூடும். சோதனையில் மட்டும் அந்தத் தூவலை நிறுத்திவைக்க, ஃபோக்ஸ்வாகன் குடும்பத்து ஆடி நிறுவனத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதற்கு வைத்த பெயர் ஒலியைச் சேர்ந்தது. ஏமாற்று வேலைக்கு 'அகூஸ்டிக்' என்று பெயரிட்டுக் கோப்பில் ஏற்றும் துணிச்சலுக்குத் தனி மரியாதை செய்யத்தான் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பொறியாளர்கள் அந்த யோசனையைத்தான் இரவல் வாங்கினார்கள்.

நிறுவனமே குற்றத்தை ஒப்புக்கொண்ட அமெரிக்க வழக்கின் உண்மை விவரப் பத்திரத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. 2012 வாக்கில் சில கார்களில் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. தேர்வறையை விட்டு வெளியே வந்த பிறகும் கார் நல்ல பிள்ளையாகவே ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதுதான் பாகங்களைப் பாழாக்குகிறதோ என்று பொறியாளர்களுக்குச் சந்தேகம். வைத்தியம் என்ன? ஸ்டியரிங் கோணத்தைப் பார்த்து, இது சாலைதான் என்று காருக்கு உறுதியாகத் தெரியச் செய்தார்கள். பொய்யைக் கூர்தீட்டினார்கள். அந்தத் திருத்தத்தை வாடிக்கையாளர் கார்களில் சர்வீஸின்போதே ஏற்றினார்கள், வண்டி மேம்படும் என்று சொல்லி. நம்பிக் காரை விட்டுப்போன மனிதர், இன்னும் தேர்ந்த பொய்யனாகிவிட்ட அதை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

வெளியே விளம்பரம் வேறு. ஒரு விளம்பரத்தில் மூதாட்டி ஒருவர் தன் வெள்ளைத் துணியை டீசல் காரின் பின்குழாயில் பிடித்துக் காட்டுவார். துணி வெள்ளையாகவே இருக்கும். உண்மைதான், ஏன் கறுக்கப் போகிறது? கரியைப் பிடிக்க வடிகட்டி இருக்கிறது. குழாயில் வந்துகொண்டிருந்தது கரி இல்லை. நைட்ரஜன் ஆக்சைடு துணியில் ஒட்டாது, நுரையீரலில்தான் வேலையைக் காட்டும். கண்ணுக்குத் தெரியும் நஞ்சைப் பிடித்துக்கொண்டு, தெரியாத நஞ்சைத் திறந்துவிடுவதில் எத்தனை வியாபார நுட்பம் இருக்கிறது! ஜெட்டா டீசலுக்கு ஆண்டின் பசுமைக் கார் விருதுகூடக் கிடைத்தது. பின்னால் திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று.

விளம்பரம் போதவில்லை, விஞ்ஞானச் சான்றிதழ் வேண்டியிருந்தது. ஃபோக்ஸ்வாகன், டைம்லர், பிஎம்டபிள்யூ ஆகியோர் பணம் போட்டு நடத்திய ஓர் ஆய்வு அமைப்பு இருந்தது. பாஷும் தொடக்கத்தில் சேர்ந்திருந்து 2013இல் விலகியது. 2014இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில், அந்த அமைப்பின் செலவில், 10 குரங்குகளை அடைப்புக்குள் உட்காரவைத்து ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் டீசல் புகையைச் சுவாசிக்க வைத்தார்கள். அவை கலவரப்படாமல் இருக்கக் கார்ட்டூன் படம் போட்டார்கள். புதிய டீசல் எவ்வளவு சுத்தம் என்று நிரூபிக்க வேண்டுமாம். சோதனைக்குத் தந்த பீட்டிலுக்குள்ளேயும் அந்தத் தேர்வறை மென்பொருள் இருந்தது. உருளை மேல் ஓடிய கார் வழக்கம்போல் நல்ல பிள்ளையாகவே இருந்திருக்கும். குரங்கையும் ஏமாற்றினார்கள். இந்த முழு விவகாரத்திலும் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்ததற்கு நியாயமான காரணம் உடையவை அந்தக் குரங்குகள் மட்டும்தான். உலகெங்கும் அமைச்சகங்களில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன காரணம்?

பறக்கும் படை வந்தது மேற்கு வர்ஜீனியாவிலிருந்து. மார்கன்டவுனில் உள்ள பல்கலைக்கழகத்தில் டான் கார்டர் தலைமையில் ஒரு சிறு குழு. ஒரு சொகுசுக் காரின் விலைக்கு மேல் போகாத மானியம். அதை வழங்கிய அமைப்பு எதிர்பார்த்ததுகூடத் திருட்டைப் பிடிப்பதை அல்ல. அமெரிக்காவில் டீசல் கார் எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது பாருங்கள் என்று ஐரோப்பாவுக்குக் காட்டத்தான். குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நம் பக்கத்துப் பெயர்கள். அளவுக் கருவியைக் காருக்குள் ஏற்றி, ஜெனரேட்டரைப் பின்னால் கட்டி, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். ஜெட்டா வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு, பசாட் 5 முதல் 20 மடங்கு. அதே சோதனையில் ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது.

அந்த எக்ஸ்5ஐ அனுதாபிகளின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முடிச்சை அவிழ்க்க முடியாது என்றீர்களே, இதோ அவிழ்ந்து ஓடுகிறது. எரிதலில் தப்பிவரும் நைட்ரஜன் ஆக்சைடை யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் வழி கையில் இருந்தது. தேவை, போதுமான கரைசல், அதற்குப் போதுமான தொட்டி. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஃபோக்ஸ்வாகனுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது எதற்குத் தெரியுமா? 2009 முதல் 2014 வரை டைம்லரோடு கூடி உட்கார்ந்து, தொட்டியின் அளவையும் கரைசலின் செலவையும் பேசிவைத்துக்கொண்டு, சட்டம் கேட்பதைவிடச் சுத்தமாக்கும் போட்டியில் யாரும் இறங்காமல் பார்த்துக்கொண்டதற்கு. காட்டிக்கொடுத்த டைம்லருக்கு அபராதம் இல்லை. விலையைக் கூட்டக் கூட்டு சேர்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். நன்றாகச் செய்யத் தெரிந்த வேலையை நன்றாகச் செய்யாமல் இருக்கவும் கூட்டு சேர்ந்தார்கள். தெரியாததால் செய்யவில்லை என்றால் மன்னிக்கலாம். இவர்கள் தெரிந்துகொண்டு, அளந்து, பேசிவைத்து, நஞ்சை விட்டார்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் எண்கள் 2014இலேயே வெளியாகிவிட்டன. அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஃபோக்ஸ்வாகன் அதிகாரிகளிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பிடிபட்ட பிறகாவது திருந்தினார்களா? ஐரோப்பாவில் பழைய பிட்டை அகற்ற ஒரு மென்பொருள் திருத்தம் வந்தது. 2022 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தது. வெளிவெப்பம் 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்து, இடம் 1000 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருந்தால்தான் புகையைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு முழுமையாக வேலை செய்யும். வழக்கு வந்தது ஆல்ப்ஸ் மலைநாடான ஆஸ்திரியாவிலிருந்து! அங்கே குளிர்காலத்தில் 15 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? இதுவும் தடைசெய்யப்பட்ட தந்திரமே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிட்டைப் பிடுங்கச் சொன்னதற்கு, பிட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தண்டனைப் பட்டியலைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பொறியாளர் ஜேம்ஸ் லியாங்குக்கு 40 மாதச் சிறை. இடைநிலை மேலாளர் ஆலிவர் ஷ்மிட்டுக்கு 7 வருடம். ஆடியின் தலைவராக இருந்த ரூபர்ட் ஸ்டாட்லர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் 11 லட்சம் யூரோ அபராதமும் பெற்று வீட்டுக்குப் போனார். ஏணியில் மேலே போகப் போகச் சட்டத்துக்கு மூச்சு வாங்கும் போலிருக்கிறது. ஏமாற்று மென்பொருள் ஓடிய கட்டுப்பாட்டுக் கணினியைத் தந்த பாஷ், ஜெர்மனியில் 9 கோடி யூரோ கட்டியது. குற்றம், மேற்பார்வைக் கடமையில் கவனக்குறைவு. நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் ஊசியைப் பலமுறை திறந்து மூடத் தெரிந்த நிறுவனத்துக்குக் கவனக்குறைவாம்! கம்மின்ஸ் 2023 டிசம்பரில் மறுபடி மேடையேறியது. ராம் பிக்கப் வண்டிகளின் எஞ்சின்களில் ஏமாற்று ஏற்பாடு என்ற குற்றச்சாட்டுக்கு 167.5 கோடி டாலர், தூய காற்றுச் சட்ட வரலாற்றிலேயே பெரிய உரிமையியல் அபராதம். கூடவே, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை என்ற அறிக்கை. திருட்டைப் பிடித்த பறக்கும் படையில் இருந்த ஹேமந்த் கப்பண்ணாவுக்கு என்ன பரிசு என்று கேட்கிறீர்களா? பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸில் உமிழ்வுப் பிரிவில் வேலைபார்த்தார். 2019இல் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவு நேரம் சிரித்தோம். அந்தப் பின்குழாய்களுக்கு மறுமுனையில் மூக்கு இருக்கிறது. பதினொரு பெரிய வாகனச் சந்தைகளில், டீசல் வண்டிகள் சோதனை வரம்புக்கு மேல் சாலையில் விட்ட நைட்ரஜன் ஆக்சைடால் 2015 ஒரே ஆண்டில் சுமார் 38,000 பேர் அகால மரணமடைந்தார்கள் என்று 2017இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. லண்டனில் சவுத் சர்க்குலர் சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா 2013இல் ஆஸ்துமாவால் இறந்தபோது வயது 9. காற்று மாசும் அவள் மரணத்துக்குக் காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பெழுதினார். அவள் சுவாசித்த நைட்ரஜன் டை ஆக்சைடு சட்ட வரம்பைத் தாண்டியிருந்தது, முதன்மைக் காரணம் வாகனப் போக்குவரத்து. எந்தக் காரின் எந்தப் பீச்சல் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வசதியில்தான் இந்தத் தொழில் முழுக்க நிற்கிறது. கத்தியால் குத்தினால் கைரேகை இருக்கும். 1 கோடியே 10 லட்சம் குழாயில் பங்குபோட்டு விட்டால், அதற்குப் பெயர் காற்றின் தரம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2013இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் 1,14,000 டவேரா வண்டிகளைத் திரும்பப் பெற்றது. புகை குறைவாக விடும் எஞ்சின்களைப் பொறுக்கி எடுத்து, சோதனைக்குப் போகும் வண்டியில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். மென்பொருள் கிடையாது, ஸ்பேனர் போதும். 2015இல் ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் 3,23,700 கார்களைத் திருத்தத்துக்கு அழைத்தது. சாலையில் ஓட்டிப் பார்த்ததில் வரம்பைப் போல 1.1 முதல் 2.6 மடங்கு வரை வந்தது. நிறுவனத்தின் பதில் தெளிவாக இருந்தது: இந்திய விதிகளை மீறவில்லை, சாலைச் சோதனைக்கு உங்கள் சட்டத்தில் வரம்பே இல்லையே. அந்தப் பின்பாதியை யாராலும் மறுக்க முடியவில்லை. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மே மாதம் கட்டாய நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

சாலைச் சோதனையை நம் விதிகள் கட்டாயமாக்கியது 2023இல், அதுவும் புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டீசல் வண்டி எதற்குப் பயப்பட வேண்டும்? பெட்ரோல் பங்க் ஓரத்துப் புகை டெஸ்ட் பெட்டிக்கு. வண்டியை நிறுத்தி வைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்வார்கள், குழாயில் கம்பியைச் செருகுவார்கள், புகை எவ்வளவு கறுப்பு என்று மட்டும் பார்ப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அந்தப் பெட்டி அளப்பதே இல்லை. மூதாட்டியின் வெள்ளைத் துணியைத்தான் அரசாங்க முத்திரை குத்தி மாட்டி வைத்திருக்கிறோம். ஏமாற்ற மென்பொருள் எழுதும் செலவைக்கூட நிறுவனங்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த தேசம் இது.